தண்ணி வர்ற வழியில் நாலு நாள்

எங்கள் வயல் வேதாரண்யம் தாலுக்காவில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறந்தால், அது எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்க்க ஜூன் மாதக் கடைசி ஆகிவிடும். சில வருடம் ஜூலை. சில வருடம் வாய்க்காலை நனைத்துவிட்டு அதோடு நின்றுபோகும்.

அப்பாவுக்கு 73 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் மேட்டூர் நீர்மட்டத்தை விசாரிப்பவர். முன்பு வானொலியில் கேட்பார், இப்போது பேப்பரில் பார்க்கிறார். ஆனால் மேட்டூர் அணையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான்.

ஏப்ரல் கடைசியில் களத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பேப்பரைப் பார்த்துவிட்டு, "நூறு அடிக்கு மேல நிக்கிது. இந்த வருசம் சொன்ன தேதிக்குத் தொறந்துருவாங்க" என்றார். ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் மகன் கேட்டான்: "நூறு அடின்னா எவ்வளவு தாத்தா? நம்ம தென்னை மரத்தைவிட உசரமா?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "இருக்கும்டா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தார். எனக்கும் தெரியவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்கு ஊட்டி, ஊட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாதம் ஊட்டிக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், லாட்ஜ் வாடகையும் நமக்குக் கட்டாது. என் மனைவிதான் வழி சொன்னார். "அவ்வளவு தூரம் எதுக்கு? நமக்குத் தண்ணி வர்ற வழியிலயே போய்ப் பார்த்துட்டு வருவோமே. மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம்."

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஊரை விட்டுக் கிளம்புவதுதான் பெரிய வேலை. எங்களுக்கு இரண்டு கறவை மாடு, நாலு ஆடு. பங்காளி வீட்டில் சொல்லி ஒப்படைத்தோம். நாலு நாள் பாலும் அவர்களுக்கே என்று பேச்சு. அவர்கள் வெளியூர் போகும்போது நாங்கள் அதே மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் இரண்டாவது வாரம், அதிகாலை முதல் பஸ்ஸில் ஐந்து பேரும் கிளம்பினோம்.

மூணாறு தலைப்பும் கல்லணையும்

முதலில் இறங்கியது நீடாமங்கலம். ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையிலிருந்து வரும் பெரிய வெண்ணாறு இங்கே பாமணியாறு, கோரையாறு, சிறிய வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அதற்குக் கீழே கிளைக்கு மேல் கிளையாகப் பிரிந்துதான் எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வருகிறது. "கோரையாத்துல இன்னைக்கு எவ்வளவு விடுறான்" என்று அப்பா போனில் விசாரிப்பாரே, அந்த இடம் இதுதான்.

மே மாதம் என்பதால் தண்ணீர் இல்லை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். மதகுகளைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு பலகை அரை அடி கூட இறங்கினா நமக்கு வராதுல்ல தாத்தா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். "அரை அடியா? நாலு விரல் போதும்மா."

தஞ்சாவூரில் சாப்பிட்டுவிட்டு, மதியம் வெயில் தாழ்ந்ததும் கல்லணை போனோம். கரிகாலன் கட்டியது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. நேரில் போனால்தான் அதன் வேலை புரிகிறது. தண்ணீர் இங்கே நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்கிற புது ஆறு, கொள்ளிடம். முதல் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் வெள்ளத்துக்கு. பாசன ஆறுகள் தாங்காத தண்ணீரை மட்டும் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதுதான் ஏற்பாடு.

பழைய அணை சுமார் 1,080 அடி நீளம். ஆற்று மணலில் கல்லைப் போட்டால் அடியில் மணல் அரித்துக் கல் உள்ளே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், நடுவே களிமண். இப்படி இறங்குகிற வரை இறங்கவிட்டு, அதையே அஸ்திவாரமாக்கிக் கட்டியிருக்கிறார்கள். மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையை 1830-களில் ஆர்தர் காட்டன் பார்த்துப் படித்துத்தான் பிற்பாடு பெரிய அணைகளைக் கட்டினார். புது ஆறு மட்டும் நம் காலத்தது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டி, 1934-ல் திறந்தார்கள்.

யானை மேல் உட்கார்ந்திருக்கும் கரிகாலன் சிலைக்கு முன்னால் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் வெண்ணாற்று மதகுப் பக்கம் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் போய்க் கூப்பிட்டபோது, "இவ்வளவு அகலமா இருக்குடா. நம்ம ஊருக்கு வரும்போது வேட்டி அகலம்தான் வருது" என்றார்.

முக்கொம்பும் பஸ்ஸில் போட்ட கணக்கும்

இரவு திருச்சியில் தங்கிவிட்டு, காலையில் முக்கொம்பு போனோம். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. தண்ணீர் தாழ்ந்த பக்கம்தானே ஓடும்? 200 வருடத்துக்கு முன்னால் காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பத்தான் 1836-ல் காட்டன் இங்கே மேலணை கட்டும் வேலையைத் தொடங்கினார். அந்தப் பழைய அணையில்தான் 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, வெள்ளத்தில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. டெல்டாவில் எல்லோருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். இப்போது புது அணை கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பூங்கா, ஊஞ்சல், நிழல் எல்லாம் இருக்கிறது. கட்டுச்சோற்றைப் பிரித்து அங்கேயே சாப்பிட்டோம்.

திருச்சியிலிருந்து சேலம், சேலத்திலிருந்து மேட்டூர். பஸ்ஸில் பொழுது போகப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். பேப்பரில் டி.எம்.சி., டி.எம்.சி. என்று போடுகிறார்களே, அது நம் வயலில் எவ்வளவு?

ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்துப் பார்த்தால், ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் ஏறத்தாழ 23,000 ஏக்கர் மூடும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதாவது 21 லட்சம் ஏக்கருக்கு மேல் ஓர் அடித் தண்ணீர். பையன் வாயைப் பிளந்தான்.

மகள் விடவில்லை. "ஒரு போகம் நெல்லுக்கு எவ்வளவு தண்ணி வேணும்ப்பா?" என்றாள். மழையே இல்லையென்றால், நாற்றங்காலிலிருந்து அறுவடை வரைக்கும் மொத்தம் நாலு அடித் தண்ணீராவது வேண்டும். நாலால் வகுத்தாள். ஐந்தரை லட்சம் ஏக்கரைக்கூடத் தொடவில்லை. வழியில் மணல் குடிப்பது, வெயில் குடிப்பது, ஊர் ஊராகக் குடிநீருக்கு எடுப்பது எதையும் கழிக்காமலே இதுதான் கணக்கு.

"அப்ப டேம் ரொம்பினாக்கூட ஒரு போகத்துக்குத்தான் சரியா?" என்றாள்.

அவ்வளவுதான். அணை நிறைந்திருப்பது தொடங்குவதற்கு. அதற்குப்பின் மேலேயிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், ஐப்பசியில் மழையும் பெய்ய வேண்டும். இது விவசாயம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் 14 வயதுப் பிள்ளை நோட்டில் தானே போட்டுக் கண்டுபிடித்தபோது, எனக்கே புதிதாகக் கேட்ட மாதிரி இருந்தது. வயலில் ஓர் அங்குலம் அதிகமாக நிறுத்தினால் என்ன என்று நினைத்திருக்கிறேன். இனி அப்படி நினைக்க முடியாது.

மேட்டூரில் அப்பா

மூன்றாம் நாள் காலை மேட்டூர் அணை. 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த கட்டுமானம். நீளம் 5,300 அடி. அணையின் உயரம் அஸ்திவாரத்திலிருந்து 214 அடி. தண்ணீர் நிறுத்துவது 120 அடி வரைக்கும். பவள விழாக் கோபுரத்தில் ஏறினால் ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் ஊரும் ஆறும் தெரிகிறது. உபரி நீர் போகும் 16 கண் மதகும் பார்க்க வேண்டியது.

"டேய், உன் கேள்விக்குப் பதில் கிடைச்சுருச்சு" என்று பையனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுத் தென்னை 60 அடி இருக்கும். "அது மேல இன்னொரு தென்னையை வச்சா 120. அந்த உசரத்துக்குத் தண்ணி நிக்கும்."

அவன் எட்டிப் பார்த்துக்கொண்டே, "கரையே தெரியலை, கடல் மாதிரி இருக்கு" என்றான்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலில் நிற்பது மாதிரி இருந்தது. கும்பிடவில்லை, பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஆத்தாளையும் கூட்டியாந்து காட்டியிருக்கலாம்" என்றார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நாற்று நடவுக்கு ஆள் கூப்பிடப் போகும்போதெல்லாம், தண்ணி எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டு போகிறவர். அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பண்ணவாடியில் கேட்ட கதை

மேட்டூரிலிருந்து ஒகேனக்கல் போக மேச்சேரி, பென்னாகரம் வழியாக பஸ் இருக்கிறது. ஆனால் லாட்ஜில் ஒருவர் வேறு வழி சொன்னார். கொளத்தூர் போய் அங்கிருந்து பண்ணவாடி பரிசல்துறை போனால், அணைத் தண்ணீரைப் படகில் கடந்து அக்கரையில் நாகமரையில் இறங்கலாம். நாகமரை தருமபுரி மாவட்டம். அங்கிருந்து ஏரியூர் வழியாகப் பென்னாகரம். பிள்ளைகளுக்குப் படகு என்றதும் வேறு வழி எதுவும் காதில் விழவில்லை.

பண்ணவாடியில் படகுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் ஆட்டுக்குத் தழை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். வேதாரண்யம் பக்கம் என்றதும், "அட, தண்ணி போய்ச் சேர்ற ஊருங்களா?" என்றார்.

அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

அவர் தண்ணீரைக் காட்டிச் சொன்னார். "எங்க தாத்தன் பாட்டன் ஊரு அதுக்குள்ளதானுங்க இருக்குது. டேம் கட்டயில எல்லாத்தையும் விட்டுட்டு மேட்டுக்கு வந்துட்டாங்க. தண்ணி வத்துனா ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தெரியும், மாதா கோயில் கோபுரம் தெரியும். இப்ப தண்ணி நிறைய நிக்குது, ஒண்ணும் தெரியாது."

"நிலம்?" என்று அப்பா கேட்டார்.

"நிலமும் உள்ளதானுங்க. தண்ணி இறங்குச்சுன்னா அந்தச் சேத்துல சோளம், ராகி, கடலைன்னு போடுவோம். வண்டல் மண்ணுங்க, எருவே வேண்டாம். விளையறதுக்குள்ள தண்ணி ஏறாம இருந்தா எங்களுக்கு. ஏறிருச்சுன்னா போச்சு."

அப்பா சட்டென்று கேட்டார். "அப்ப நீங்க தண்ணி ஏறக் கூடாதுன்னு வேண்டுவீங்களா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "அப்படி வேண்ட முடியுங்களா? தண்ணி நின்னாத்தானுங்க மீனு, குடிக்கத் தண்ணி எல்லாம். வெதைச்சுட்டோம் சாமி, ரெண்டு மாசம் பொறுத்து ஏறட்டும்னு கேப்போம். அவ்வளவுதான்."

படகு வந்தது. ஏறி உட்கார்ந்து பாதித் தூரம் வரும் வரை அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "அம்பது வருசமா மேட்டூர்ல தண்ணி ஏறணும், ஏறணும்னே கேட்டுக்கிட்டு இருந்தேன். ஏறுனா எது மேல ஏறுதுன்னு ஒருநாளும் நெனைச்சதில்லைடா."

மேலே இருக்கிறவன் கொடுக்க மாட்டேன் என்கிறான், கீழே இருக்கிறவன் வரவில்லை என்கிறான். காவிரி என்றால் நம் காதில் விழுவது இந்தச் சண்டைதான். நமக்கு வருகிற தண்ணீருக்கு அடியில் வேறு குடியானவர்களின் வயலும் களமும் கோயிலும் கிடக்கின்றன என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. அணை கட்டி 90 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அவர்கள் தண்ணீர் இறங்கும்போது போய் அதே மண்ணில் விதைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நாகமரையில் இறங்கும்போது படகுக்காரர் என் மகளிடம், "உங்க ஊர்ல போய்ச் சொல்லும்மா, தண்ணியைப் பார்த்து செலவு பண்ணச் சொல்லி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஒகேனக்கல்: நீச்சல் தெரியும் என்ற தைரியம்

பென்னாகரத்தில் தங்கி, நாலாம் நாள் காலையிலேயே ஒகேனக்கல் போய்விட்டோம். புகையும் பாறை என்று கன்னடத்தில் அர்த்தம். பாறையில் விழும் தண்ணீர் சிதறி, தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரியே இருக்கிறது. கோடை என்பதால் வரத்து குறைவு. அதனால்தான் பரிசல் ஓட்டுகிறார்கள், குளிக்க விடுகிறார்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் இரண்டையும் நிறுத்திவிடும்.

அப்பா முதலில் எண்ணெய்க் குளியல் போட்டார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் தட்டிய தட்டு சாலை வரை கேட்டது. "நாலு நாள் பஸ்ஸுல வந்த வலி எல்லாம் போச்சு" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. என் மகன் எங்கள் ஊர் ஆற்றில் ஐந்து வயதிலிருந்து நீந்துகிறவன். பாலத்திலிருந்து குதிப்பான். அந்தத் தைரியத்தில், குளிக்க ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஒரு பாறைக்குப் போய்விட்டான். பாசி வழுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் ஆழம் அவன் இடுப்புக்குத்தான். ஆனால் இழுப்பு அவனை இரண்டு பாறைக்கு நடுவே கொண்டுபோய்ச் செருகியது. பக்கத்தில் இருந்த பரிசல்காரர் ஒருவர் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். முழங்காலில் சிராய்ப்போடு தப்பினான். என் மனைவிக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அந்தப் பரிசல்காரர் என்னைத்தான் திட்டினார். "நீச்சல் தெரிஞ்ச புள்ளைங்கதானுங்க இங்க சாவுது. தெரியாததுங்க கரையிலயே நின்னுக்கும். உங்க ஊரு ஆத்துல அடியில சேறு, மணலு. இங்க பாறை, பாறைக்கு அடியில குகை. கால் மாட்டுனா நீச்சல் என்ன பண்ணும்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று நான்தான் பெருமையாகக் கண்ணை எடுத்துவிட்டேன். லீவு நாட்களில் பிள்ளைகள் ஆற்றில், குளத்தில், குட்டையில் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். படித்துவிட்டு யார் வீட்டுப் பிள்ளையோ என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். தெரியாத தண்ணீரில், நீச்சல் தெரிந்த பிள்ளைக்குத்தான் கூட ஓர் ஆள் வேண்டும்.

அவர் பரிசலிலேயே பிறகு போனோம். எல்லோருக்கும் பாதுகாப்புச் சட்டை மாட்டிவிட்டு, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ளினார். இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே பச்சைத் தண்ணீர். பயந்துபோயிருந்த பையன் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டான். பரிசலை ஒரு சுற்று சுழற்றியபோது அப்பா பொக்கை வாய் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வருடக்கணக்காகிறது.

இன்னும் மேலே போனால் பிலிகுண்டுலு. கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குச் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் அங்கே வந்து சேர வேண்டிய கணக்குதான். "அங்கேயும் போவோமாப்பா?" என்றாள் மகள். கையிலிருந்த பணமும் நாளும் முடிந்துவிட்டன. அடுத்த லீவுக்கு அங்கிருந்து தொடங்கி, குடகில் தலைக்காவிரி வரைக்கும் என்று முடிவு செய்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுக் கிளம்பினோம். சேலம் வந்து இரவு பஸ் பிடித்து, விடிந்து ஊர் வந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு

ஐந்து பேருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 9,400 ரூபாய். அரசு பஸ்ஸில்தான் போனோம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தூரப் பயண பஸ்ஸில் இது கிடையாது. 5 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம், 12 வயது வரை அரை டிக்கெட். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சோறு, எள்ளுப்பொடி இட்லி கட்டிக்கொண்டால் செலவு பாதி குறையும்.

மே மாதம் ஆற்றில் தண்ணீர் இருக்காது. ஆனால் நமக்கு வயலில் வேலை இல்லாத மாதம் அதுதான். மதகு, தலைப்பு, படுகை எல்லாம் வெறுமையாகத் தெரிவதும் அப்போதுதான். ஓடும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் காலாண்டு விடுமுறையில் போகலாம்.

ஒகேனக்கலில் பரிசல் சீட்டை உரிய கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். பாதுகாப்புச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். பண்ணவாடியிலும் சட்டை கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். காற்று வீசினால் படகுக்கு அவசரப்படாதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் மதியம் 11 முதல் 4 வரை வெயிலில் நடக்கவிடாதீர்கள், மருந்து மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியபின்

வந்த மறுநாள் காலையில் அப்பாவை வீட்டில் காணோம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் கன்னி வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பெரிய ஆறுகளை இயந்திரம் வைத்துத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கன்னி வாய்க்கால் வரைக்கும் அது வராது. வெங்காயத்தாமரை, நாணல், பிளாஸ்டிக் பை, உர மூட்டைச் சாக்கு எல்லாம் அடைத்துக் கிடந்தது. தண்ணி வரவில்லை என்று போன வருடம் நாங்கள் மறியலுக்குப் போனோம். அப்போதும் வாய்க்கால் இப்படித்தான் கிடந்தது.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து, அத்தனை பேரு நெலத்து மேல ஏறி இறங்கி வருது. கடைசி முந்நூறு அடியில நாம அடைச்சு வச்சா எப்படி?" என்றார்.

பிள்ளைகளும் இறங்கினார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் முழுவதும் சுத்தமாகிவிட்டது. அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் அடைப்பு இருக்கிறது, அந்த வயல்காரரிடம் பேசியிருக்கிறோம்.

இதை எழுதுவது ஜூன் முதல் வாரத்தில். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பையன் சுவர்க் காலண்டரில் 12-ம் தேதியைச் சுற்றி, "மேட்டூர்" என்று எழுதியிருக்கிறான். மூன்று நாள் தள்ளி "கல்லணை". அதற்கப்புறம் "மூணாறு தலைப்பு", ஒரு கேள்விக்குறியோடு. மாதக் கடைசியில் "நம்ம வாய்க்கால்", அதற்கு இரண்டு கேள்விக்குறி.

அப்பா இன்றைக்கும் காலையில் பேப்பரைப் பிரித்து நீர்மட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பண்ணவாடிக்காரரு கடலை பிடுங்கியிருப்பாரா?" என்று கேட்டார்.